தூண்டில் பையில் இருந்த புது நட்டு

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம் எண்ணூர் முகத்துவாரம். ஆறு கடலோடு சேர்கிற அந்த இடத்தில் கருங்கல் கொட்டிய கரை ஒன்று உண்டு. அங்கேதான் இரண்டு தூண்டில்களோடு நின்றிருந்தேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் மெக்கானிக். திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டி நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஷெட் வைத்திருக்கிறோம். வேன், லாரி என்று எது வந்தாலும் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று, இன்னும் ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் என்னால் ஆகாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்குப் போனால் பந்தி போடுவதற்குள் பத்துத் தடவை வாசலுக்குப் போய்வருவேன். "உனுக்கு மட்டும் நாற்காலில முள்ளு கீதா?" என்று என் மனைவி எல்லோர் முன்னாலும் கேட்பாள்.

இப்படிப்பட்ட குணத்தை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் காலம் தள்ளுவது பெரிய கொடுமை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். பாதிச் சாலை அவர்களுக்கு, மீதியில்தான் நாமெல்லாம் நெளிந்து போகவேண்டும். ஏதாவது ஒரு டிரெய்லர் திரும்பமுடியாமல் குறுக்கே நின்றுவிட்டால் தீர்ந்தது. என் ஹாரனும் ஓயாது, வாயும் ஓயாது. அந்த டிரைவரின் பரம்பரையையே தெருவுக்கு இழுத்துவிடுவேன். அந்த வண்டிகளை ரிப்பேர் பார்த்துத்தான் நான் சாப்பிடுகிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வராது.

அப்புறம் எப்படி ஐயா மீன் பிடிக்கிறாய் என்று கேட்பீர்கள். நான் பிடிப்பது கொடுவா. மண்டை சின்னதாக, முதுகு தூக்கி, உடம்பெல்லாம் வெள்ளியாக இருக்கும். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் நேரத்தில் இறாலைத் துரத்திக்கொண்டு கல் இடுக்குவரை வரும். அதற்காக மணிக்கணக்கில் மிதவையைப் பார்த்து உட்காரவேண்டியதில்லை. கல்லுக்குக் கல் தாவி, வீசி, இழுத்து, இடம் மாற்றி, மறுபடி வீசவேண்டும். எனக்கு ஏற்ற வேலை. அங்கே நிற்கும்போதும் காது சாலையில்தான் இருக்கும். தூரத்தில் ஒரு லாரி இருமிக்கொண்டு போனால், இன்ஜெக்டர் போய்விட்டது என்று வாய் முணுமுணுக்கும்.

முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு அதிகம். தூண்டில் நரம்பில் கனமாக ஏதாவது கட்டினால்தான் இரை அடியில் நிற்கும். மற்றவர்கள் ஈயக்குண்டு வாங்கிக் கட்டுவார்கள். கல்லில் மாட்டி ஒரு நாளைக்கு நாலைந்து அறுந்து போகும். நான் அதற்குப் பழைய நட்டுகளைக் கட்டுவேன். அதிலும் ஸ்டீயரிங் மூட்டில் வருகிற நட்டு என்றால் எனக்கு உயிர். அதன் தலையில் கோட்டை மதில் போலப் பல் வெட்டியிருக்கும். உண்மையில் அந்த வெட்டு எதற்கென்றால், அதன் வழியாக ஸ்ப்ளிட் பின் என்கிற மெல்லிய கம்பியைச் செருகி மடக்கிவிடுவதற்கு. நட்டு தானாகக் கழன்று வராது. எனக்கு அந்த வெட்டில் தூண்டில் நரம்பு அழகாக உட்கார்ந்துகொள்ளும், வழுக்காது.

இது என் கூட்டாளிக்குத் தெரியும். அவனும் என் வயதுதான், ராயபுரம் கல்மண்டபத்துக்காரன். சனிக்கிழமை வேலை முடிந்ததும், கழற்றிப்போட்ட பழைய நட்டுகளை எல்லாம் பொறுக்கி, டீசலில் அலசி, துணியால் துடைத்து, ஆணியில் தொங்கும் என் தூண்டில் பையில் போட்டுவிடுவான். நான் கேட்டதில்லை, அவனாகச் செய்வது. ஞாயிற்றுக்கிழமை மீன் கிடைத்தால் தலையும் நடுத்துண்டும் அவன் வீட்டுக் குழம்புக்குப் போகும். எங்களுக்குள் இருந்த வழக்கம் இது.

அந்த வாரம் அவன் தரையிலேயே நிற்கவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமலிருந்த அவன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பழவேற்காட்டு மாதா கோயிலில் குழந்தையைக் கொண்டுபோய் மாதா காலடியில் கிடத்துவதாக வீட்டில் நேர்ந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் குடும்பத்தோடு புறப்படுவதாக ஏற்பாடு. எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவரின் வேனை வாங்கி வந்திருந்தான், ஓட்டப்போவதும் அவன்தான். "நம்ம கையால ஒரு தபா ஃபுல்லா பாத்துடலாம் மாமு. கொயந்த போற வண்டி" என்றான்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரத்தைத் தள்ளும் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் முனையில் உள்ள மூட்டுகள் தேய்ந்திருந்தன. இடது பக்கத்து நட்டில் மரை முக்கால்வாசி தேய்ந்து, வழவழவென்று ஆகியிருந்தது. அதனால்தான் கடகடவென்று சத்தம். புது மூட்டு வாங்கிவந்து, வலது பக்கத்தை நான் மாட்டினேன், இடது பக்கத்தை அவன் மாட்டினான். கழற்றியதும் புதியதும் ஒரே தட்டில் கிடந்தன. எனக்கோ இருட்டுவதற்குள் உயிர் இறால் வாங்கப் போகவேண்டும். "ஆச்சா, ஆச்சா" என்று அவன் தலைமேல் நின்று அரித்துக்கொண்டே இருந்தேன். போதாததற்கு அவன் வீட்டிலிருந்தும் போன்மேல் போன். அந்த மரை போன நட்டு மட்டும் நல்ல கனம். நாளைக்கு இதைத்தான் கட்டவேண்டும் என்று மனதுக்குள் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை நீர் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. முதல் தூண்டிலை வீசிக் கல் இடுக்கில் குத்திவிட்டு, இரண்டாவதைக் கட்ட உட்கார்ந்தேன். பையில் கையைவிட்டு அந்த நட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. பையைக் கவிழ்த்தேன். துருப்பிடித்த நட்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் வெயிலில் மஞ்சளாக மின்னியது. எடுத்துச் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மரை கத்திபோல இருந்தது. ஸ்பேனர் படாத புது நட்டு.

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. புது நட்டு இங்கே இருந்தால், மரை போன நட்டு எங்கே? கிரீஸ் அப்பியிருந்ததில், அவசரத்தில் பழசு என்று நினைத்து இதை அலசி என் பையில் போட்டிருக்கிறான். தட்டில் மிச்சம் இருந்ததை எடுத்து வண்டியில் மாட்டியிருக்கிறான். இறுக்கும்போது பிடித்த மாதிரிதான் இருந்திருக்கும். வண்டி நாலு பள்ளத்தில் குதித்தால் வழுக்கிக் கழன்றுவிடும். கழன்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். வேனுக்குள் அவன் மனைவி, மகள், மருமகன், சொந்தக்காரர்கள், துணிக்குள் பொட்டலமாக அந்தக் குழந்தை.

போன் போட்டேன். அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்றது. மறுபடி போட்டேன், அதே பதில். அப்போதுதான் நினைவு வந்தது. கோயில் பயணம் என்றால் வண்டி கிளம்பியதும் அவர்கள் ஜெபமாலை சொல்ல ஆரம்பிப்பார்கள். அது முடிந்து பாட்டும் முடியும்வரை எல்லார் போனையும் வாங்கி அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள் அவன் மனைவி. ஒருமுறை நானும் அவர்களோடு போய், என் போனையும் கொடுத்துவிட்டு நெளிந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து முதல் தூண்டில் வளைந்தது. வளைந்தது என்றால், முனை தண்ணீரைத் தொட்டுவிட்டது. ரீல் கதறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொடுவா வாயைப் பிளந்து தண்ணீருக்கு மேலே எழும்பி, தலையை உதறி, மறுபடி விழுந்தது. அவ்வளவு பெரிய மீனை என் தூண்டிலில் அதற்கு முன்னும் கண்டதில்லை, இன்றுவரையும் இல்லை. பொய் சொல்லக்கூடாது, கை தானாகத் தூண்டிலைப் பிடித்தது. நாலு சுற்றுச் சுற்றினேன். சுற்றுகிற உள்ளங்கையில் அந்த நட்டு உறுத்தியது. என்னையே எனக்கு அடிக்கவேண்டும் போல வந்தது.

பக்கத்துக் கல்லில் ஒருவர் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். அவர் கையில் தூண்டிலைத் திணித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? வூட்ல எதுனா ஆயிப்போச்சா?" என்றார். அதற்குள் நான் கல்லுக்குக் கல் தாவி ஓடத் தொடங்கியிருந்தேன். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அரைக்கால் டவுசர், சட்டையெல்லாம் சேறு, கையில் இறால் நாற்றம். பைக்கை உதைத்துக் கிளப்பிப் பிரதான சாலைக்கு வந்துவிட்டேன். வந்தபிறகுதான் உண்மையான வேதனை ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து பழவேற்காடு போகிறவர்கள் இந்த வழியாக வந்துதான் ஆற்றுப்பாலத்தைத் தாண்டவேண்டும். ஆனால் வேன் போய்விட்டதா, இனிமேல் வருமா? நான் பாலத்தின் பக்கம் விரட்டிப்போனால் அது பின்னால் வந்து வேறு எங்காவது திரும்பிவிடலாம். இங்கேயே நின்றால், ஏற்கெனவே போனது இன்னும் தூரம் போய்க்கொண்டிருக்கும். வண்டியை வடக்கே திருப்பினேன், தெற்கே திருப்பினேன். வாழ்நாளெல்லாம் நிற்கமுடியாமல் திரிந்த எனக்கு, அன்றைக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

சாலையோரம் வழக்கம்போல டிரெய்லர் வரிசை. ஒரு வண்டியின் நிழலில் டிரைவர் ஒருவர் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு நின்றார். அவரிடம் போய், வெள்ளை வேன் ஏதாவது போனதா என்று கேட்டேன். அந்தச் சாலையில் வெள்ளை வேனுக்கா பஞ்சம்? ஆனால் அவர் யோசிக்கவே இல்லை.

"முன்னால மாதா படம் வச்சுப் பூ போட்டிருந்ததே, அதா? இப்பத்தான் போச்சு அண்ணாச்சி. பாடிக்கிட்டே போனாவ" என்றார். பேச்சிலிருந்தே தூத்துக்குடிப் பக்கம் என்று தெரிந்தது.

நட்டை நீட்டி, இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். வண்டி ஓட்டுகிறவருக்கு அதற்குமேல் விளக்கவேண்டியதில்லை. குச்சியைத் துப்பிவிட்டுப் போனை எடுத்தார்.

"ஏலே, பாலத்துக்கு அங்கிட்டுத்தான நிக்க? வண்டிய எடுத்து ரோட்டுக்குக் குறுக்க போடுல. கேள்வி கேக்காத. வெள்ளை வேன், முன்னால மாதா படம். அத மட்டும் விட்றாத. பொறவு சொல்லுதேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க போங்க அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பாலத்தில் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. கண்ணெல்லாம் சாலையில். நடுச்சாலையில் கூட்டம் தெரிந்தால் அது என்ன கூட்டமாக இருக்கும் என்ற ஒரே பயம். பாலத்திலிருந்து இறங்கியதும் கூட்டம் தெரிந்தது. கிட்டே போகப் போகத்தான் பார்த்தேன். ஒரு நீளமான டிரெய்லர் சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அதன் முன்னால் கார், பைக், ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்துக் கதறிக்கொண்டிருந்தன. நடுவில் பூமாலை போட்ட வெள்ளை வேன் நேராக நின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கூட்டாளி இறங்கி அந்த டிரெய்லர் டிரைவரின் சட்டையைப் பிடித்திருந்தான். ஒல்லியான ஆள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவரை ஏசிக்கொண்டிருந்தார்கள், நான் வழக்கமாக ஏசுகிற அதே வார்த்தைகள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஏர் எறங்கிட்டு சார், பிரேக்கு புடிச்சுக்கிட்டு, செத்த பொறுங்க" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்காக நிறுத்தச் சொன்னார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. நண்பன் சொன்னான், போட்டார். அதற்காக வாங்கவேண்டியதையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

"நீ இன்னா மாமு இங்க?" என்று கூட்டாளி என்னைப் பார்த்ததும் கையை எடுத்தான். நான் உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். இறுக்கிப் பிடித்ததில் நட்டின் பல் எல்லாம் கையில் பதிந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். அடுத்த நொடி குனிந்து வேனின் இடது சக்கரத்தைப் பார்த்தான்.

இரண்டு பேரும் வேனுக்கடியில் படுத்தோம். இடது பக்கத்து நட்டு மரையில் பிடிக்கவே இல்லை. விரலால் தொட்டதும் மேலும் கீழும் ஆடியது. ஸ்ப்ளிட் பின்னை அவன் ஒழுங்காகத்தான் செருகி மடக்கியிருந்தான். அதுதான் அதுவரை தாங்கியிருக்கிறது. அதுவும் ஒரு பக்கம் அறுந்து, மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தீக்குச்சிக் கனமுள்ள ஒரு கம்பியின் பாதியில் அந்தக் குடும்பம் முழுதும் ராயபுரத்திலிருந்து பாடிக்கொண்டு வந்திருந்தது. மேலே குழந்தை சிணுங்கும் சத்தம் தகரத்தின் வழியாகக் கேட்டது. கூட்டாளி மண்ணில் மல்லாந்து படுத்தபடியே அழுதான். சத்தம் வெளியே போகாமலிருக்க முழங்கையை வாயில் வைத்துக்கொண்டான். எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் வேலை யார் பார்ப்பது?

"இன்னாண்ணா ஆச்சு?" என்று அவன் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கையில் ஜெபமாலை. "ஒண்ணுமில்ல தங்கச்சி, ஒரு சவுண்டு வந்துச்சாம். செக் பண்ணிகினு கீறோம்" என்றேன். அவள் ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

டிரெய்லர்காரர்தான் ஜாக்கி கொடுத்தார், ஸ்பேனர் கொடுத்தார். தன் பெட்டியைத் துழாவிப் புது பின் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். நட்டை நான் மாட்டவில்லை, கூட்டாளியிடமே கொடுத்தேன். அவன்தான் மாட்டவேண்டும் என்று எனக்குப் பட்டது. அவன் மாட்டி முடித்ததும் நான் ஒரு முறை இழுத்துப் பார்த்தேன், பிறகு வலது பக்கம் போய் நான் மாட்டியதை அவன் இழுத்துப் பார்த்தான். அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் ஒருவர் இறுக்கியதை இன்னொருவர் தொட்டுப் பார்க்காமல் எந்த வண்டியும் வெளியே போனதில்லை.

வெளியே வந்ததும் கூட்டாளி அந்த டிரைவரின் கசங்கிய சட்டைக் காலரைத் தன் கையாலேயே நீவிவிட்டான். "போடுன்னான், போட்டேன். பொறவு என்ன, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறிவிட்டார். பின்னால் இருந்தவர்கள் இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தார்கள். வண்டியை நேராக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

எனக்குத் திரும்பிப்போக மனம் வரவில்லை. அந்த நாற்றம் பிடித்த டவுசரோடு, பழவேற்காடுவரை வேனின் இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓட்டிப்போனேன். கோயிலுக்குள் போக வெட்கமாக இருந்ததால் வாசலிலேயே நின்றேன். குழந்தையைக் கிடத்தி எடுத்துவந்து முதலில் என் கையில் கொடுத்தாள் அவன் மகள். மீன் நாற்றம் என்று சொன்னேன். பரவாயில்லை மாமா என்றாள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இன்றுவரை ஒன்றும் தெரியாது. அதை நானும் அவனும் எங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் திரும்பும்போது அந்தத் தூத்துக்குடிக்காரரைத் தேடினேன். வரிசை நகர்ந்திருந்தது, அந்த இடத்தில் வேறு வண்டி நின்றது. முகத்துவாரத்துக்குப் போனால் வலைக்காரர் மட்டும் என் தூண்டில்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். மீன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அத்த ஏன் கேக்கற நைனா, அறுத்துகினு பூட்ச்சு" என்றார். அவர் முழங்கையில் பெரிய கொடுவாச் செதில் ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே சண்டை நடந்திருக்கும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டில் நல்ல குழம்பு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தூண்டில்களை வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுவாவுக்குப் போகிறேன், ஈயக்குண்டு வாங்கிக் கட்டுகிறேன். என் அவசரம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். டிரெய்லர் ஏதாவது குறுக்கே நின்றால் கால் இன்றும் தன்பாட்டுக்கு ஆடுகிறது. ஆனால் கை மட்டும் ஹாரனுக்குப் போவதில்லை. முன்னால் யாரோ ஒருவருடைய பேத்தி போகிற வண்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இன்ஜினை அணைத்துவிட்டு வழிவிடும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.